பேஸ்புக், எக்ஸ விட்டு சின்ன சர்வருக்கு மாறறது: கொங்குப்பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விகள்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் இருக்கற நாங்க கொஞ்சம் பேரு சேந்து ஒரு சின்ன மாஸ்டடான் சர்வர் (ட்விட்டர் மாதிரி எழுதிப் பேசிக்கற எடம், கீழ வெவரமா சொல்றேன்) நடத்திட்டு இருக்கறோமுங்க. புதுசா வர்றவங்க, வரலாமா வேண்டாமானு ரோசனை பண்றவங்க, பாதி வழில நிக்கறவங்க எல்லாரும் சுத்திச்சுத்தி கேக்கறது இதுகளத்தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு ஒட்டுக்கா எழுதி வச்சிட்டா அனுப்பறதுக்கு சுலுவா இருக்கும்னு எழுதறேன்.

ஏனுங்க, பேஸ்புக்குல எல்லாரும் இருக்கறப்ப அத விட்டுப்போட்டு இங்க எதுக்கு வரோணும்?

எல்லாரும் அங்க இருக்கறது நெசந்தானுங்க, அத மறுக்க வரல. ஆனா நீங்க போடற போஸ்ட யாரு பாக்கோணும்னு முடிவு பண்றது நீங்களும் கிடையாது, உங்கள பாலோ பண்றவங்களும் கிடையாது. 2018 ஜனவரில பேஸ்புக் ஃபீட மாத்தி, இனி நண்பர்கள் சொந்தக்காரங்க போஸ்டத்தான் முன்னாடி காட்டுவோம்னு அறிவிச்சாங்க, அதுக்கப்பறம் பேஜ் ஆரம்பிச்சு வருசக்கணக்கா ஆள் சேத்துனவங்க எல்லாரும் தான் சேத்துன ஆளுகளுக்கே சேதி போய்ச் சேர்றதுக்கு காசு கட்டி பூஸ்ட் பண்ற நெலமைக்கு வந்துட்டாங்க. ட்விட்டர் 2022 அக்டோபர்ல 4,400 கோடி டாலருக்கு கை மாறுச்சு, அடுத்த வருசம் ஜூலைல பேரே எக்ஸ்னு ஆயிருச்சு, நடுவுல டிசம்பர் மாசத்துல மாஸ்டடான் மாதிரி வேற எடத்து அக்கவுண்ட்டுக்கு லிங்க் குடுக்கவே கூடாதுனு ஒரு விதி போட்டாங்க, எதிர்ப்பு கெளம்புனதும் எடுத்தாங்க. இதுல எதுக்கும் அங்க பத்து வருசமா எழுதிட்டு இருந்த ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல.

எனக்கு இன்னமும் ஆறாதது டிக்டாக் சமாச்சாரம். 2020 ஜூன் 29ல மத்திய அரசு 59 ஆப்ப தடை பண்ணுச்சு, அந்த முடிவு சரியா தப்பாங்கறத இங்க பேசல. தறி ஓட்டிட்டு வந்து, பனியன் கம்பெனில ஷிப்ட் முடிச்சிட்டு வந்து, பாட்டு, கும்மி, ஒயிலாட்டம்னு வீடியோ போட்டு ஆளு சேத்துன பசங்க புள்ளைங்க நம்ம பக்கம் எத்தன பேரு இருந்தாங்கனு உங்களுக்கே தெரியும். ஆப் நின்னதோட அவங்க பேரு, பாத்தவங்க பட்டியல் முச்சூடும் போச்சு, அந்தப் பட்டியல எடுத்துட்டு வேற எடத்துக்குப் போறதுக்கு ஒரு வழியும் இல்ல. அதுக்கு முன்னாடி ஆர்குட் 2014 செப்டம்பர்ல மூடுனாங்க, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல், யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர், நம்ம நாட்டுலயே ஆரம்பிச்ச கூ 2024 ஜூலை. இடம் அவங்களோடது, நம்ம பேசுனது மட்டும் நம்மளோடது, அதயும் எடுத்துட்டுப் போக முடியாதுன்னா எப்படிங்க?

இந்த மாஸ்டடான், ஃபெடிவர்ஸ் எல்லாம் என்னது, வெளங்கற மாதிரி சொல்லுங்க

நீங்க பிஎஸ்என்எல் சிம் வச்சிருக்கறீங்க, உங்க மச்சான் ஏர்டெல் வச்சிருக்காரு, ரெண்டு பேரும் பேசிக்கறீங்கல்ல. அவரோட பேசறதுக்கோசரம் நீங்களும் ஏர்டெல் வாங்கோணும்னு யாரும் சொல்றதில்ல. இங்கயும் அப்படித்தான், ஒரே கம்பெனி கிடையாது, ஆயிரக்கணக்குல சர்வர் இருக்குது, ஒவ்வொன்னயும் வேற வேற ஆளுங்க நடத்தறாங்க, ஒரு சர்வர்ல இருக்கறவரு இன்னொரு சர்வர்ல இருக்கறவர பாலோ பண்ணலாம், பதில் போடலாம். சர்வருக்கு சர்வர் பேசிக்கறதுக்கு ஆக்டிவிட்டிபப்னு ஒரு பொது விதிமுறை இருக்குது, வலைத்தளங்களுக்கு தரம் வகுக்கற டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரில அத அங்கீகரிச்சாங்க. மாஸ்டடான் அந்த விதிமுறைல ஓடற சாஃப்ட்வேர்கள்ல ஒன்னு, ஜெர்மனில இருக்கற யூஜென் ராச்கோங்கறவரு 2016ல வெளியிட்டது, அதோட கோடு, அதாவது நிரல், யாரு வேணும்னாலும் எடுத்து ஓட்டலாம். இது ட்விட்டர் மாதிரி சின்னச்சின்ன போஸ்டு, ஒரு போஸ்டுக்கு 500 எழுத்து. போட்டோவுக்கு பிக்ஸல்ஃபெட், வீடியோவுக்கு பியர்ட்யூப், ரெட்டிட் மாதிரி தலைப்பு வாரியா பேசறதுக்கு லெம்மி, இதெல்லாம் ஒன்னுக்கொன்னு பேசிக்கும். மொத்தத்துக்கும் பேருதான் ஃபெடிவர்ஸ்.

டைம்லைன்ல வெளம்பரம் கிடையாது, நேர வரிசைப்படி வரும், அவ்வளவுதான். யாரு எப்ப போட்டாங்களோ அந்த வரிசை. மொத நாள் வர்றவங்களுக்கு இது வெறிச்சோடுன மாதிரி தெரியும், ஏன்னா நம்மள கேக்காமயே எதையாச்சும் கொண்டாந்து கொட்டறதுக்கு அங்க ஒன்னும் இல்ல, நம்மளா தேடி நாலு பேர பாலோ பண்ணோணும்.

தமிழ் ஆளுங்க இருக்கறாங்களா?

இருக்கறாங்க, ஆனா கம்மிதானுங்க. பொய் சொல்லிக் கூப்பிட்டா ஒரு வாரத்துல திரும்பிப் போயிருவீங்க. 2019 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் மூத்த வக்கீல் சஞ்சய் ஹெக்டே அக்கவுண்ட்ட ட்விட்டர் முடக்குனப்ப, அடுத்த மாசமே நம்ம நாட்டுல இருந்து ஏகப்பட்ட பேரு கோவத்துல மாஸ்டடானுக்கு வந்தாங்க, தமிழ் ஆளுங்களும் வந்தாங்க, அப்பறம் நெறய பேரு பழைய எடத்துக்கே போயிட்டாங்க. கோவத்துல வந்தவங்க கோவம் ஆறுனதும் போறது இயற்கைதான், பேசறதுக்கு ஒரு விசயத்தோட வந்தவங்க நின்னாங்க.

நமக்கு இது புதுசும் இல்ல. 2004ல தமிழ்மணம் வந்த காலத்துல ஆளாளுக்கு தனி வலைப்பூ, எல்லாத்தயும் ஒரு எடத்துல திரட்டிக் காட்டுனாங்க, ஒருத்தர் போஸ்டுக்கு இன்னொருத்தர் தன்னோட வலைப்பூவுல பக்கம் பக்கமா மறுப்பு எழுதுனாங்க, யாரு கைலயும் மொத்தமும் இல்ல. பேஸ்புக் வந்ததும் எல்லாரும் அங்க போயிட்டோம், அந்த வலைப்பூ பாதி தூசி படிஞ்சு கெடக்குது. உங்ககிட்ட பழைய வேர்ட்பிரஸ் வலைப்பூ இருந்தா அத தொலைச்சுப்போடாதீங்க, ஆக்டிவிட்டிபப் பிளகின் (கூடுதலா சேத்துக்கற சின்ன சாஃப்ட்வேர்) போட்டா மாஸ்டடான்ல இருக்கறவங்க உங்க வலைப்பூவயே நேரா பாலோ பண்ணலாம், நீங்க எழுதறது உங்க எடத்துலயே இருக்கும்.

யூசர்நேம் இங்கிலீஷ் எழுத்துலதான் வைக்க முடியும், ஆனா காட்டற பேரு, போஸ்டு எல்லாம் தமிழ்ல வச்சுக்கலாம். தேடிக் கண்டுபிடிக்க ஹேஷ்டேக்தான் முக்கியம், ஏன்னா போஸ்டுக்குள்ள இருக்கற வார்த்தைய தேடறது, எழுதுனவரு சம்மதிச்சிருந்தாத்தான் வேலை செய்யும், அதுவும் 2023ல வந்த மாஸ்டடான் 4.2 பதிப்புக்கு அப்பறந்தான்.

சரி, அங்க வந்து என்னத்தப் பேசறது?

ஒன்னு சொல்றேன். எங்க சர்வர்ல ஆனைமலைப் பக்கம் தோப்பு வச்சிருக்கற ஒரு அண்ணா தென்னை ஓலையோட அடிப்பக்கத்த போட்டோ எடுத்துப் போட்டாரு, வெள்ளையா சுருள் சுருளா கோலம் போட்ட மாதிரி முட்டை, கீழ் மட்டைல கரி பூசுன மாதிரி கருப்பு. சுருள் வெள்ளை ஈ. இந்தியாவுலயே 2016ல மொத மொத கண்டுபிடிச்சது நம்ம பொள்ளாச்சிப் பக்கந்தான், அதனால ஆளாளுக்கு பட்ட அனுபவம் இருக்குது. மருந்து அடிக்கலாமானு கேட்டிருந்தாரு. மொத பதில் உடுமலைல இருந்து ஒரு அக்கா, அடிக்காதீங்கண்ணா, இந்த ஈய அழிக்கற என்கார்சியாங்கற குட்டிக் குளவியும் சேந்து செத்துப்போகும்னு. அடுத்தவரு மஞ்சள் ஷீட்ல விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டுன போட்டோ போட்டாரு, எந்த ஒசரத்துல கட்டோணும்னு அம்புக்குறி போட்டு. கருப்புக்கு மைதா மாவுக் கஞ்சி, லிட்டருக்கு 25 கிராம், தெளிச்சா காஞ்சு ஏடு ஏடா உரிஞ்சு விழும்னு வேளாண் பல்கலைக்கழகம் சொல்றத ஒருத்தர் எழுதுனாரு, அதுக்கு இன்னொருத்தரு வெயில் நல்லா இருக்கற நாளா பாத்து அடிங்கனு சேத்தாரு. ஊடால கல்வாழை வச்சா குளவி பெருகும்னு நாலாவது ஆளு.

நடுவுல ஒரு மருந்துக் கம்பெனி வெளம்பரமும் வரல, அந்தப் பேச்சு ஆறு மாசம் கழிச்சு தேடுனாலும் கெடைக்குது. பெரிய குரூப்புல இதே கேள்விய போட்டா மருந்து விக்கறவரு பத்து பேரு நம்பர் குடுத்துட்டுப் போவாங்க, மறுநாள் அந்தப் போஸ்டு எங்க போச்சுனே தெரியாது. நான் சின்ன எடத்துக்கு வாங்கனு சொல்றது இதுக்கோசரந்தான். தறி மெக்கானிக், ஜமுக்காளம் நெய்யறவங்க, காங்கயம் மாடு வச்சிருக்கறவங்க, பம்பு மோட்டார் வைண்டிங் பாக்கறவங்க தலைல இருக்கற அறிவு எழுத்துல எங்கயும் இல்லீங்க, அத கொண்டு போயி அடுத்த நாள் பொதஞ்சு போற எடத்துல கொட்டறது எனக்கு வயித்தெரிச்சலா இருக்குது.

இன்னொரு பழக்கமும் இங்க நல்லாருக்கும். போட்டோ போட்டா அதுல என்ன இருக்குதுனு ரெண்டு வரி எழுதறது, கண்ணு தெரியாதவங்களுக்கு போன் அத படிச்சுக் காட்டும். பவானி ஜமுக்காளம்னு மட்டும் எழுதாம, செவப்பும் பச்சையும் பட்டை பட்டையா, கரைல வெள்ளைனு எழுதறாங்க. மொதல்ல சோலியா தெரியும், அப்பறம் பழகிரும்.

எந்த சர்வர்ல சேரோணும்? நீங்க நாளைக்கு மூடிட்டா நான் என்ன பண்றது?

ரெண்டும் ஒரே கேள்விதானுங்க. சின்ன சர்வர் மூடறது நடக்கறதுதான், மறைக்க மாட்டேன். மாஸ்டடான் டாட் டெக்னாலஜினு பேர்போன சர்வர் 2022 கடைசில மூடுனாங்க, முன்கூட்டியே சொல்லி, ஆளுக போறதுக்கு நேரம் குடுத்து. கொயர் டாட் ஏஎஃப்னு இன்னொன்னு, அதோட டொமைன், அதாவது வலை விலாசம், ஆப்கானிஸ்தானோடது, 2024 பிப்ரவரில தலிபான் அரசு அந்த டொமைன முடக்கிருச்சு, இருந்தவங்களுக்கு நேரமே கெடைக்கல. அதனால பேரு அழகா இருக்குதுனு பாக்காதீங்க, நடத்தறவங்க யாரு, எந்த டொமைன், இத பாருங்க.

மாஸ்டடான் தன்னோட தளத்துல பட்டியல் போட்டுக் காட்டற சர்வர்களுக்கு ஒரு ஒப்பந்தம் வச்சிருக்குது, அத அளவுகோலா வச்சுக்கலாம்: இனவெறி, பெண்கள இழிவு பண்றது, ஒருபாலீர்ப்பு ஆளுக, திருநங்கைக மேல வெறுப்பு, இதுகள முன்னின்னு தடுக்கோணும், தினமும் பேக்கப் எடுக்கோணும், அட்மினத் தவிர இன்னும் ஒருத்தரு கைலயாவது அவசரத்துக்கு சாவி இருக்கோணும், மூடறதா இருந்தா கொறஞ்சது 3 மாசம் முன்னாடி சொல்லோணும். எந்த சர்வர்ல சேர்றதுக்கு முன்னாடியும் இந்த நாலையும் அட்மின்கிட்ட நேரா கேளுங்க. கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க, நல்ல அட்மினு சந்தோசமா பதில் சொல்லுவாரு.

சர்வர் மாத்தறது சுலுவு. புது எடத்துல அக்கவுண்ட் ஆரம்பிச்சு, இன்னது என் பழைய அக்கவுண்ட்னு அங்க பதிஞ்சுட்டு, பழைய எடத்துல இருந்து மாறறேன்னு குடுத்தா உங்கள பாலோ பண்றவங்க தானா புது அக்கவுண்ட்டுக்கு வந்துருவாங்க. 2011 ஜனவரில நம்பர் மாத்தாம கம்பெனி மாறலாம்னு வந்துச்சுல்ல, கிட்டத்தட்ட அது. நீங்க பாலோ பண்றவங்க, பிளாக் பண்ணுனவங்க பட்டியல ஃபைலா எடுத்து புது எடத்துல ஏத்திக்கலாம். பழைய போஸ்டு மட்டும் கூட வராது, அது அங்கயே நிக்கும். மாறறப்ப பழைய சர்வர் ஓடிட்டு இருக்கோணும், அதுக்குத்தான் அந்த 3 மாசம்.

பொய் வீடியோ, சாதிச்சண்ட அங்கயும் வரத்தானே செய்யும்?

வரும். மனுசங்க இருக்கற எடத்துல வராதுனு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஆனா பரவற வேகமும் தடுக்கற கையும் வேற.

2023 மார்ச் ஆரம்பத்துல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிகள அடிச்சுக் கொல்றாங்கனு வீடியோ சுத்துச்சே, ஞாபகம் இருக்கும். வேற மாநிலத்துல நடந்தத எடுத்து இங்க நடந்ததா போட்டாங்க. திருப்பூர்ல நம்ம கூட வேலை செஞ்ச பசங்க பயந்து போயி ஊருக்கு கெளம்புனாங்க, பீகார்ல இருந்து அதிகாரிக வந்து பாத்துட்டுப் போனாங்க, போலீஸ் பொய்னு சொல்லி வழக்கு போட்டாங்க. அத்தனையும் நடக்கறதுக்கு வழி விட்டதுல ஒன்னு, யாரு எச்சா ஆத்திரப்படறாங்களோ அவங்களுக்கு மேல மேல காட்டற ஏற்பாடு. நேர வரிசைல அந்தத் தூக்கிவிடற கை கிடையாது. பகிர்ற பட்டன் இங்கயும் இருக்குது, அதனால பரவவே பரவாதுனு சொல்ல மாட்டேன், ஆனா புகார் வந்தா அத படிக்கறவரு தமிழ் தெரிஞ்சவரு, எந்த வார்த்தை யார சுடும்னு தெரிஞ்சவரு. பெரிய கம்பெனிக்கு புகார் குடுத்துப் பாத்தவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும், சாதிப்பேர சொல்லி திட்டுனதுக்கு புகார் குடுத்தா எங்க விதிமுறைய மீறலனு பதில் வரும்.

எங்க சர்வர்ல சாதிப்பெருமை போஸ்டு கூடாது, கலப்புக் கல்யாணம் பண்ணுன புள்ளைங்க போட்டோ, விலாசம் போட்டா அன்னைக்கே அக்கவுண்ட் போயிரும், இதுக்கு மறுபேச்சு கிடையாது. உடுமலைப்பேட்டைல 2016 மார்ச்ல பட்டப்பகல்ல நடந்த ஆணவக் கொலையோட சிசிடிவி வீடியோவ நம்ம பக்கம் எத்தன குரூப்புல கை தட்டிப் பகிர்ந்தாங்கனு பாத்தவன் நான், அந்த மாதிரி ஒரு எடத்த நடத்தறதுக்கு நடத்தாமயே இருக்கலாம்.

ஒரு சர்வரே மொத்தமா வெறுப்புக்குனு இருந்தா மத்த சர்வர்க அதோட தொடர்ப துண்டிச்சுக்கலாம். 2019 ஜூலைல கேப்னு ஒரு அமெரிக்க வலதுசாரி தளம் மாஸ்டடான் கோட எடுத்து ஓட்ட ஆரம்பிச்சப்ப பெரும்பாலான சர்வர்க சேந்து பிளாக் பண்ணி அத தனியா நிறுத்துனாங்க. யாரும் உத்தரவு போடல, ஒவ்வொரு அட்மினும் தானா முடிவு பண்ணுனது.

தனியா அனுப்பற மெசேஜ அட்மின் படிக்க முடியுமா?

முடியும். மாஸ்டடான்ல தனி மெசேஜ் பூட்டுப் போட்டது கிடையாது. நாங்க படிக்கறதில்ல, ஆனா முடியாதுனு சொன்னா அது பொய். பேங்க் விவரம், ஆதார், வீட்டு சமாச்சாரம் எதையும் அதுல அனுப்பாதீங்க.

அப்ப வாட்ஸ்அப் குரூப்ப என்ன பண்றது?

2021 அக்டோபர் 4ந் தேதி ராத்திரி ஒம்பது மணி வாக்குல பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டா மூனும் ஒட்டுக்கா நின்னு கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் வரல, மூனும் ஒரே கம்பெனிங்கறது பல பேருக்கு அன்னைக்குத்தான் ஒறைச்சுது. அந்த வருச ஆரம்பத்துல வாட்ஸ்அப் பிரைவசி பாலிசி மாத்துனப்ப நெறய பேரு சிக்னலுக்குப் போனாங்க, சிக்னல் நல்ல ஆப், லாபநோக்கு இல்லாத அமைப்பு நடத்தறது, ஆனா அதுவும் ஒரே அமைப்போட சர்வர்ல ஓடறதுதான். பல சர்வர்ல ஓடற மாதிரி வேணும்னா மேட்ரிக்ஸ் இருக்குது, அதுக்கு எலிமெண்ட்னு ஆப், இல்லாட்டி 1999ல இருந்து ஓடிட்டு இருக்கற எக்ஸ்எம்பிபி. அப்பாரு, அம்மச்சி, ஒறம்பரைக இருக்கற குரூப்ப அசைக்காதீங்க, அவங்க வாட்ஸ்அப் பழகுனதே பெரிய காரியம். வேலைக்குனு, படிப்புக்குனு இருக்கற குரூப்ப மட்டும் மொதல்ல மாத்திப் பாருங்க.

இன்ஸ்டால சேலை விக்கறேன், மூடிட்டு வரவா?

வேண்டாமுங்க. சோறு போடற எடத்த விடச் சொல்ல நான் யாரு. ஆனா வாங்கறவங்க பேரு, நம்பர அவங்க சம்மதத்தோட ஒரு நோட்டுலயோ எக்ஸல்லயோ தனியா எழுதி வைங்க, சொந்தமா ஒரு டொமைன் வாங்கி டிசைன் போட்டோவ அங்கயும் போட்டு வைங்க. அக்கவுண்ட் ஒரு நாள் முடங்குனா வியாபாரம் நிக்காது.

ப்ளூஸ்கை, த்ரெட்ஸ் இதெல்லாம் இதுல சேத்தியா?

த்ரெட்ஸ் பேஸ்புக்க நடத்தற மெட்டா கம்பெனியோடது, 2023 ஜூலைல வந்துச்சு, ஃபெடிவர்ஸோட ஓரளவு பேசும், சில சர்வர்க அத பிளாக் பண்ணி வச்சிருக்காங்க. ப்ளூஸ்கை 2019ல ட்விட்டருக்குள்ள ஆரம்பிச்ச திட்டம், தனியா வந்து 2024 பிப்ரவரில எல்லாருக்கும் தொறந்தாங்க, வேற விதிமுறைல ஓடுது. பழகறதுக்கு சுலுவு, ஆளும் எச்சு. பெரும்பாலானவங்க ஒரே கம்பெனியோட சர்வர்ல இருக்கறது எனக்கு ஒப்பல, ஆனா எக்ஸ விட்டு அங்க போறேன்னா தடுக்க மாட்டேன்.

மாறறதுன்னு முடிவு பண்ணிட்டேன், மொதல்ல என்ன பண்ண?

பழைய எடத்துல செட்டிங்ஸ்ல போயி உங்க தகவல் முச்சூடும் டவுன்லோட் பண்ணுங்க, அதுக்கு ஒன்னு ரெண்டு நாள் ஆகும், வந்ததும் கம்ப்யூட்டர்லயும் பென்டிரைவ்லயும் வைங்க. பழைய அக்கவுண்ட்ட ஒடனே அழிக்காதீங்க, புது விலாசத்த புரொஃபைல்ல எழுதிப்போட்டு ஒரு ஆறு மாசம் ரெண்டு பக்கமும் இருங்க. தனியா வராதீங்க, உங்களோட தெனமும் பேசற நாலஞ்சு பேர கூட்டிட்டு வாங்க. தனியா வந்தவங்க பெரும்பாலும் நிக்கறதில்ல.

செலவு எவ்வளவு, யாரு குடுக்கறது? நாங்களே ஒன்னு நடத்தலாமா?

சின்ன சர்வருக்கு வாடகை மாசம் ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரம் ரூவா வரைக்கும் ஆகும், டொமைன் வருசத்துக்கு ஒருக்கா. போட்டோ வீடியோ சேரச்சேர எடம் எச்சா வேணும், மத்த சர்வர்ல இருந்து வர்ற படத்தயும் நம்ம சர்வர் சேத்து வைக்கும், அத அப்பப்ப துடைக்கோணும். மாஸ்டடான் கனமா இருந்தா கோ-டு-சோஷியல்னு (GoToSocial) லேசான ஒன்னு இருக்குது. எங்களுதுல விருப்பப்பட்டவங்க குடுக்கறாங்க, வரவு செலவ மாசா மாசம் எல்லாரும் பாக்கற மாதிரி போட்டுருவோம். காசு பிரச்சனையே இல்லீங்க, ஆளுதான் பிரச்சனை. அப்டேட் போடறதுக்கு ஆளு வேணும், பேக்கப் எடுத்தா பத்தாது, அது திரும்பி ஏறுதானு ஏத்திப் பாக்கற ஆளு வேணும், ரெண்டு பேரு சண்ட போட்டுட்டு வந்தா பொறுமையா கேக்கற ஆளு வேணும். சட்டமும் இருக்குது. 2021 ஐடி விதிகள்ல கூடுதல் கெடுபிடி 50 லட்சம் பேருக்கு மேல இருக்கற தளங்களுக்குத்தான், ஆனா புகார் அதிகாரி பேரயும் தொடர்பு விவரத்தயும் தளத்துல போடறது சின்ன சர்வருக்கும் உண்டு, அதனால ஒரு வக்கீல்கிட்ட முன்னாடியே பேசிருங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பொழுது எல்லாரும் நேர்ல ஒக்காந்து, நோம்பி நாள்ல ராத்திரி பத்து மணிக்கு ஒரு புகார் வந்தா யாரு பாக்கறது, அவரு ஊர்ல இல்லாட்டி அடுத்து யாருன்னு பேசி முடிவு பண்ணிக்கோங்க. ரெண்டு பேரு கை தூக்குனா தாராளமா ஆரம்பிங்க. ஒருத்தருதான்னா இப்போதைக்கு வேண்டாம், ஏற்கனவே ஓடிட்டு இருக்கற ஒரு சர்வர்ல மாடரேட்டரா (புகார் பாக்கறவரா) கொஞ்ச நாள் இருந்து பழகுங்க, எங்களுக்கும் ஆளு வேணும்.